செவலைக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது: எதுவரை செலவு செய்வது, எங்கே நிறுத்துவது?

உறையூர்த் தையல் | ஜூன் 3, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நாய் செவலைக்கு வயது பதினொன்று. என் மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது, மழையில் நனைந்து சாக்கடை ஓரம் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைப் பள்ளிப் பையில் வைத்து எடுத்து வந்தாள். நாட்டு நாய்தான். இந்த ஆண்டு அவள் கல்லூரிக்குப் போகிறாள்.

இரண்டு மாதங்களாகவே அவன் வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடித்தான். கோடைக்காலம் என்பதால் நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. சென்ற வாரம் வாந்தி தொடங்கியது. வாயிலிருந்து ஒருவிதமான கெட்ட வாடை வந்தது. விடியற்காலையில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் எங்கிருந்தாலும் வாசலுக்கு ஓடுகிறவன், மூன்று நாட்களாகத் தலையைக்கூடத் தூக்கவில்லை. இன்று ஒரு தனியார் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்தோம். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 7.9, பாஸ்பரஸ் 11, ஹீமோகுளோபின் 8. எடை 21 கிலோவிலிருந்து 16.5 கிலோவாகக் குறைந்திருக்கிறது. ஐந்து நாட்கள் அங்கேயே வைத்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், தேவைப்பட்டால் சென்னைக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்ய வேண்டும், எல்லாம் சேர்த்து 75,000 ரூபாய் வரை ஆகலாம், நாளைக் காலை 25,000 ரூபாய் கட்டினால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். குணமாகிவிடுமா என்று கேட்டதற்கு, முயற்சி செய்து பார்க்கலாம் என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அடுத்தவர் காத்திருந்ததால் மேற்கொண்டு கேட்க எனக்கு நா எழவில்லை.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். எங்கள் கையிருப்பு 1,10,000 ரூபாய். அதில் 62,000 ரூபாய், ஜூன் 20ஆம் தேதிக்குள் மகளுக்குக் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணம். பணம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. இல்லையா என்று கேட்டால் இல்லை. என் மாமியார் இதுவரை எந்தக் கருத்தும் சொல்லவில்லை. ஆனால் நேற்று இரவு முழுவதும் அவன் பக்கத்தில் அமர்ந்து, கரண்டியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். நாளைக் காலைக்குள் முடிவெடுக்க வேண்டும். இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

கோவைச் செல்வி | ஜூன் 3, இரவு 11.15

சகோதரி, அந்த எண்ணைப் பார்த்து மட்டும் மனம் தளர்ந்துவிடாதீர்கள். எங்கள் நாய்க்கு மூன்று வயதில் எலிக்காய்ச்சல் வந்தபோது கிரியாட்டினின் 9க்கு மேல் போனது. பிழைக்காது என்று உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள். பன்னிரண்டு நாட்கள் டிரிப்ஸும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தோம், மொத்தம் 92,000 ரூபாய் செலவானது, இறுதியில் 1.3க்கு இறங்கியது. இன்று அவளுக்கு ஏழு வயது. அந்தப் பணத்தை நாங்கள் ஒருநாளும் வீண் என்று நினைத்ததில்லை. செவலைக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றுதான் என் மனம் சொல்கிறது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | ஜூன் 3, இரவு 11.50

அம்மா, நான் கால்நடை பராமரிப்புத் துறையில் 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நாயை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன். ஆனால், நாளைக் காலை நீங்கள் அங்கே என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

செல்வி அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் அது வேறு நோய். நன்றாக இருந்த சிறுநீரகம் எலிக்காய்ச்சலாலோ நஞ்சாலோ திடீரென்று பழுதானால், உயிரைச் சில நாட்கள் பிடித்து வைத்தால் போதும், அது மீண்டு வரக்கூடும். அங்கே டயாலிசிஸுக்கும் பொருள் உண்டு. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கிய சிறுநீரகம் மீளாது. ஏறத்தாழ முக்கால் பங்கு வேலைத்திறன் போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறவே தொடங்கும் என்பதால், நமக்கு நோய் தெரியவரும்போதே காலம் கடந்திருக்கும். அங்கே டயாலிசிஸ் செய்தால், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, உயிர் உள்ளவரை செய்துகொண்டே இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் எடைக்குறைவு, இரண்டு மாதத் தண்ணீர்த் தாகம், இரத்தச்சோகை மூன்றும் நாள்பட்ட நோயைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் வயிற்று ஸ்கேன் எடுக்காமல் அதை உறுதியாகச் சொல்லக் கூடாது. சிறுநீரகம் சிறுத்து ஓரங்கள் மேடுபள்ளமாக இருந்தால் பழைய நோய். இயல்பான அளவிலோ வீங்கியோ இருந்தால் புதிய நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று முக்கியம். வாந்தி எடுத்து உடம்பில் நீர் வற்றிய நாயின் முதல் இரத்தப் பரிசோதனை எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று நாட்கள் டிரிப்ஸ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். நாள்பட்ட சிறுநீரக நோயின் நிலையைக் கணிக்க உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் ஐரிஸ் வகைப்பாட்டில், நீர்ச்சத்து சரியான பிறகும் கிரியாட்டினின் 5க்கு மேல் நின்றால் அது நான்காம், அதாவது கடைசி நிலை. 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை. மூன்றாம் நிலையில் இருக்கும் நாய், வீட்டுப் பராமரிப்பில் பல மாதங்கள் நன்றாக வாழ்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, “முதலில் மூன்று நாள் டிரிப்ஸும் ஒரு ஸ்கேனும் மட்டும் செய்யுங்கள், அதன் பிறகு பேசலாம், எங்களால் இவ்வளவுதான் முடியும்” என்று தொகையைச் சொல்லியே கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொகை தெரிந்தால்தான் மருத்துவராலும் அதற்குள் சிறந்த வழியை யோசிக்க முடியும். நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இரண்டுமே திருச்சியிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில்தான் இருக்கின்றன. டயாலிசிஸ் என்று வந்தால், 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில் அந்த வசதி உண்டு.

கடைசியாக ஒரு கேள்வி. மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையேனும் அவனுக்குக் கொடுத்தீர்களா?

உறையூர்த் தையல் | ஜூன் 4, காலை 6.05

ஐயா, கொடுத்தேன். மார்ச் மாதம் பின்னங்காலை நொண்டினான் என்று, மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, பத்து நாட்கள் பாலில் கலந்து என் கையாலேயே கொடுத்தேன். நீங்கள் கேட்ட நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. இரவு முழுவதும் தூங்கவில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | ஜூன் 4, காலை 6.40

அம்மா, பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். அந்த வகை மாத்திரைகள் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்துக்குக் கூடுதல் பாரம். அது நோயைச் சற்று வேகப்படுத்தியிருக்கலாம். ஆனால், ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கியிருந்தால், அது பத்து நாள் மாத்திரையில் நடந்ததல்ல, மார்ச்சுக்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. குற்ற உணர்ச்சியில் இருப்பவர்கள்தான், அதை ஈடுகட்டுவதற்காக, பயனில்லாத சிகிச்சைக்கும் கடன் வாங்கிச் செலவழிப்பார்கள். நான் அதை நூறு முறை பார்த்திருக்கிறேன். இன்று எடுக்கும் முடிவை அந்த மாத்திரையிலிருந்து பிரித்து எடுங்கள்.

நெல்லை வாசி | ஜூன் 4, காலை 9.30

ஐயா சொன்ன அந்த நூறு பேரில் நானும் ஒருவன் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் லாப்ரடார் நாய்க்கு மண்ணீரலில் கட்டி வந்து, அது வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தது. என் மனைவியின் வளையல்களை அடகு வைத்து அறுவைச் சிகிச்சை செய்தோம். ஏழு வாரங்கள் உயிரோடு இருந்தான். சிகிச்சை செய்ததற்காக நான் வருந்தவில்லை. அதில் முதல் ஐந்து வாரங்கள் உண்மையாகவே நல்ல வாரங்கள். தாமிரபரணியில் ஒருமுறை நீந்தக்கூடச் செய்தான். நான் இன்றுவரை வருந்துவது கடைசி ஒன்பது நாட்களுக்காக. கட்டி பரவிவிட்டது என்று தெரிந்த பிறகும், “இன்னும் ஒரு நாள் பார்ப்போம்” என்று ஒவ்வொரு நாளும் சொல்லி, கம்பிக்கூண்டுக்குள் டிரிப்ஸோடு அவனைப் படுக்க வைத்திருந்தோம். நாங்கள் பார்க்கப் போகும்போது வாலை ஆட்டுவான். திரும்பும்போது கூண்டின் கம்பியை மூக்கால் தள்ளுவான். அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் அங்கேயேதான் இறந்தான். இரவு இரண்டு மணிக்கு, எங்களில் ஒருவரும் உடனில்லாமல்.

அதனால் இரண்டு காரியங்களை இப்போதே, அவன் ஓரளவு நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். மொத்தம் எவ்வளவு செலவழிப்போம் என்று வீட்டில் எல்லோரும் அமர்ந்து பேசி ஒரு தொகையை எழுதி வையுங்கள். அவனுக்கு மிகவும் பிடித்தமானவை எவை என்றும் எழுதி வையுங்கள். தினமும் இரவில், இன்று அவனுக்கு நல்ல நாளா, கெட்ட நாளா என்று காலண்டரில் குறியுங்கள். மனம் நம்மை ஏமாற்றும். நேற்று ஒரு வாய் தின்றதை நினைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஐந்து நாட்களை மறக்கச் செய்யும். காலண்டர் மறக்காது.

உறையூர்த் தையல் | ஜூன் 9, இரவு 9.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஐயா சொன்னபடியே தொகையைச் சொல்லிப் பேசினேன். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை; பகல் நேரத்தில் மட்டும் வைத்து மூன்று நாட்கள் டிரிப்ஸ் ஏற்றி மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 7,500 ரூபாய் ஆனது. நேற்று வாடகைக் கார் பிடித்து முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல் கல்லூரிக்குப் போனோம். வழிநெடுக என் மடியில்தான் தலை வைத்திருந்தான். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியிருப்பது தெரிந்தது. கிரியாட்டினின் 7.9இலிருந்து 5.4க்கு இறங்கியிருக்கிறது, ஐயா சொன்ன நான்காம் நிலைதான். குணமாகாது, ஆனால் வாந்தியையும் பாஸ்பரஸையும் கட்டுப்படுத்தி, வீட்டிலேயே தோலுக்கடியில் நீர் ஏற்றினால் சில வாரங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதங்கள் நிம்மதியாக இருப்பான் என்று அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இந்த ஒரு தெளிவுக்காகவே அந்தப் பயணம் தகும்.

வீட்டில் பேசினோம். 30,000 ரூபாய் என்று முடிவு செய்தோம். மகள் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி அழுதாள். அதைத் தொடுவதில்லை என்று முதன்முறையாக மாமியார் வாய் திறந்து சொன்னார். அவனுக்குப் பிடித்தவை என்று அவள் எழுதிய பட்டியலில் முதல் இரண்டு: பால்காரர் மணிக்கு வாசலுக்குப் போவது, டீக்கடைப் பொறையைக் கடித்து நொறுக்குவது.

ஆட்டோ மதுரை | ஜூன் 10, மதியம் 2.10

அக்கா, உங்களிடம் 30,000 இருக்கிறது என்பதற்காக நான் பொறாமைப்படவில்லை. ஆனால் தொகையே இல்லாதவர்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். எங்கள் குட்டிக்கு மூன்று மாதத்தில் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஓர் இடத்தில் 12,000 ரூபாய் ஆகும் என்றார்கள். என் சட்டைப்பையில் 1,800 இருந்தது. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, விடியும்வரை குளுக்கோஸ் தண்ணீர் புகட்டினோம். திங்கட்கிழமை அரசு மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது, அன்றிரவே இறந்துவிட்டது. இதை ஒரு குழுவில் எழுதியபோது, பணமில்லாதவர்கள் நாய் வளர்க்கக் கூடாது என்று ஒருவர் பதில் போட்டார். அந்தக் குட்டி எங்களிடம் வருவதற்கு முன் பாலத்தின் கீழே கிடந்தது. நான் எடுக்காமல் இருந்திருந்தால் அதற்கு மருத்துவம் கிடைத்திருக்குமா என்று அவரிடம் நான் திருப்பிக் கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | ஜூன் 10, மாலை 5.00

தம்பி, நீங்கள் செய்ததில் குறை ஒன்றும் இல்லை. பார்வோவுக்கு வைரஸைக் கொல்லும் எளிய மருந்து இல்லை. நீர்ச்சத்தைப் பிடித்து வைப்பதுதான் சிகிச்சை. அதை முழுமையாகச் செய்தும் எத்தனையோ குட்டிகளை நான் இழந்திருக்கிறேன். படிப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்: ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள். சில நூறு ரூபாயில் முடியும் இந்தத் தடுப்பூசிதான் அந்த 12,000 ரூபாய்க் கேள்வியைப் பெரும்பாலும் வரவிடாமல் செய்யும்.

ஆட்டோ மதுரை | ஜூன் 10, மாலை 6.25

ஆம் ஐயா. இப்போது எங்கள் தெருவில் எந்தக் குட்டி பிறந்தாலும் ஆட்டோவிலேயே கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டுவிடுகிறேன்.

மயிலாடுதுறை மூத்தவர் | ஜூன் 25, காலை 8.15

இந்த உரையாடலை முழுவதும் படித்தேன். கெட்ட நாட்கள் பெருகினால் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்ற எண்ணத்தை நோக்கி இது போவதாக எனக்குத் தோன்றுகிறது. அது கூடாது என்பது என் உறுதியான கருத்து. எங்கள் வீட்டுப் பசு முதுமையில் விழுந்து, இருபது நாட்கள் எழாமல் கிடந்தது. வைக்கோல் பரப்பி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு, புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவி, அதன் போக்கில் போகவிட்டோம். கொடுக்க முடியாத உயிரை எடுக்க நமக்கு உரிமையில்லை. வலியைக் குறைப்பது கடமை. நாளைக் குறைப்பது கடமையன்று.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | ஜூன் 25, காலை 11.30

பெரியவருக்கு வணக்கம். இருபது நாட்கள் புரட்டிப் போட்ட கைகளை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லா மரணமும் அந்தப் பசுவின் மரணத்தைப் போல இருப்பதில்லை. சிறுநீரக நோயில் கடைசி நாட்களில் வாயெல்லாம் புண்ணாகி, வெறும் வயிற்றிலும் குமட்டி, சில நேரம் வலிப்பு வந்து இறப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்தில் வலியைக் குறைப்பதற்கு என் பையில் வேறு மருந்து இருந்ததில்லை. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவே, துன்பத்தில் கிடக்கும் விலங்கை உயிரோடு வைத்திருப்பது கொடுமையாகிவிடும் நிலை உண்டு என்பதை ஏற்கிறது. அதே சமயம், ஓர் ஊசிக்குச் சம்மதிக்க மனம் ஒப்பாதவரை நான் ஒருபோதும் வற்புறுத்தியதில்லை. அது அந்த வீட்டாரின் முடிவு.

உறையூர்த் தையல் | ஜூன் 27, இரவு 10.00

பெரியவரின் வார்த்தையை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் மனமும் அதையேதான் சொல்கிறது. நாங்கள் இன்னும் அந்த முடிவுக்கு வரவில்லை. இப்போது வர வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் செவலை நன்றாக இருக்கிறான்.

எங்களைப் போல இருப்பவர்களுக்கு உதவுமே என்று, நீர் ஏற்றும் முறையை எழுதுகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் 200 மி.லி. ரிங்கர் லாக்டேட், டிரிப்ஸில் ஏற்றும் உப்புநீர்தான். புட்டியை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துவிடுவோம். குளிர்ந்த நீர் உள்ளே போனால் அவன் உடம்பைச் சிலிர்த்துக்கொள்கிறான். சன்னல் கம்பியில் புட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, அந்த மடிப்புக்குள் ஊசியைச் செலுத்த வேண்டும். நாமக்கல்லில் கம்பவுண்டர் ஒருவர் இரண்டு முறை என் கையைப் பிடித்துச் செய்து காட்டினார். ஆயிரம் ரவிக்கைகள் தைத்த கைதான், ஆனால் முதல் நாள் அந்த ஊசி என் விரலில் நடுங்கியது. நீர் இறங்க இறங்கத் தோலுக்கடியில் இளநீர்க்காய் அளவுக்கு ஒரு மேடு எழும்பும். எழுந்து நடந்தால் அது மெல்ல முன்னங்கால் பக்கம் சரியும். மறுநாள் காலைக்குள் வற்றிவிடும். மாமியார் அந்தப் பத்து நிமிடமும் அவன் காதை நீவிக்கொண்டே இருப்பார்.

சாப்பாட்டில் எலும்பையும் பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டோம், எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் அதிகம். குழைந்த பச்சரிசிச் சோறு, முட்டையின் வெள்ளைக்கரு, கொஞ்சம் சுரைக்காய், ஒரு சொட்டு நெய். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சோற்றோடு பிசைந்து கொடுத்தால்தான் வேலை செய்யும், தனியாகக் கொடுத்தால் பயனில்லை என்றார்கள். பொறை மட்டும் அரைத்துண்டு, மருத்துவரிடம் கேட்டு அனுமதி வாங்கியது. காலண்டர் தாளில் நீலநிறத் தையல் சாக்பீஸால் நல்ல நாளுக்கு வட்டம் போடுகிறேன். பதினெட்டு நாட்களில் பதினைந்து வட்டங்கள்.

உறையூர்த் தையல் | ஜூலை 17, இரவு 11.10

12ஆம் தேதி இரத்தம் பார்த்தோம். கிரியாட்டினின் 8.6. இந்த வாரம் இரண்டே வட்டங்கள். வாயில் புண் வந்துவிட்டது. பால்காரர் மணி கேட்டால் காது மட்டும் அசைகிறது. மறுபடி மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றலாமா என்று என் கணவர் கேட்கிறார். தொகையில் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஐயா, ஏற்றினால் என்ன கிடைக்கும்?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் | ஜூலை 17, இரவு 11.45

சில நாட்கள் கிடைக்கலாம் அம்மா. ஆனால் அவை ஜூன் மாதத்து நாட்களைப் போல இருக்காது. வீட்டுக்கே வந்து கடைசி ஊசி போடும் மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரித்து வையுங்கள். முதலில் மயக்க ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். அவன் தூங்கிய பிறகுதான் நரம்பில் இரண்டாவது மருந்து. கண் மூடாமல் திறந்தே இருக்கும். இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம். அதை வலி என்று எண்ணி உங்கள் மகள் பயந்துவிடக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆழமாகப் புதையுங்கள், அந்த மருந்து உடலில் தங்கும், வேறு விலங்கு தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து.

உறையூர்த் தையல் | ஜூலை 24, மாலை 4.30

செவலை 22ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு வாசல் திண்ணையில் இறந்தான். முந்தைய இரவு அவனுக்கு வலிப்பு வந்தது. அதைப் பார்த்த பிறகு, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மாமியாரே மருத்துவரை அழைக்கச் சொன்னார். பால்காரர் வந்து போகும்வரை காத்திருந்தோம். அவர் சைக்கிளை நிறுத்தி, மணியை இரண்டு முறை அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். ஐயா சொன்னது அத்தனையும் அப்படியே நடந்தது. அந்தப் பெருமூச்சு வந்தபோது மகள் பயப்படவில்லை. என் தம்பியின் தோட்டத்தில் ஐந்தடி ஆழம் தோண்டிப் புதைத்தோம். மயிலாடுதுறைப் பெரியவர் எங்களைத் தவறாக நினைத்தாலும் நான் வருந்த மாட்டேன். அவர் எழுதியதால்தான் கடைசிவரை அவசரப்படாமல் இருந்தோம்.

முதல் நாள் பரிசோதனையிலிருந்து கடைசி ஊசி வரை மொத்தம் 26,100 ரூபாய் செலவானது. மகளுக்குக் கட்டணம் கட்டிவிட்டோம்.

பிரிக்காத ரிங்கர் லாக்டேட் புட்டிகள் ஆறும், உறை கிழிக்காத ஊசிகள் பதினொன்றும், பாஸ்பரஸ் மாத்திரை ஓர் அட்டையும் மீதம் இருக்கின்றன. புட்டிகளுக்குக் காலாவதியாக இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. திருச்சிப் பக்கம் மருத்துவர் சொல்லி நீர் ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் தனிமடலில் எழுதுங்கள். கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். ஊசி குத்தக் கை நடுங்கினால், முதல் நாள் நான் வந்து செய்து காட்டுகிறேன்.